செத்தது இறாலும் நத்தையும் மட்டும்

நிருபம் சமாத்தார் மூச்சிரைக்கப் படியேறி வந்து, ஒரு ஜாடியை மேசைமேல் வைத்தார். அதில் செத்த இறால் இரண்டும், செத்த நத்தை மூன்றும் கிடந்தன.

"கொலை, தலாபாத்ரா பாபு. பண்ணினவன் என் மச்சான் போல்ட்டு. நிரூபிச்சுக் குடுங்க. தம்பி மேல வீண்பழி போட்ட மனுஷனோட வாழ மாட்டேன்னு என் பொண்டாட்டி ஷியாமளி சாயங்கால வண்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டறா."

தலாபாத்ரா கல்கத்தா குழாய்த் தண்ணீரைச் சோதிப்பதிலேயே முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். ஒரு மடக்கு குடித்து, அது எந்தத் தெருக் குழாய், அந்தத் தெருவில் யாருக்குக் கடன் அதிகம் என்றுகூடச் சொல்வார். மாடிவீட்டு மோண்ட்டு இதை நேரில் பார்த்திருக்கிறான். மருந்து விற்பனைப் பிரதிநிதியான அவன், அவருடைய துப்பறியும் வேலையில் சம்பளமில்லாத உதவியாளன்.

"போல்ட்டு மேல ஏன் சந்தேகம்?"

"மீன்தொட்டி வெச்ச அன்னிக்கே, அக்கா புருஷன்னு பார்க்காம, 'ஜாமாய்பாபு, இறால் குழம்புக்குக் கடுகு அரைக்கச் சொல்லட்டா?'ன்னு கேட்டவன். நான் ஒம்பது நாள் சிலிகுரியில இருந்தப்ப ரெண்டு தடவை வந்திருக்கான். நேத்து நடுத்தெருவுல நிக்க வெச்சு, கொலைகாரான்னு கத்திட்டேன்."

"விஷம்தான் அண்ணா! கேஸ் முடிஞ்சது!" என்றான் மோண்ட்டு.

"அப்ப நீ வீட்டுக்குப் போ. நான் தொட்டியைப் பார்த்துட்டு வரேன்."

மோண்ட்டு போகவில்லை.

ஷோபாபஜார் சந்தில் நிருபத்தின் கூடம். உறவுக்காரர்களைவிட அந்தத் தொட்டிக்கு அவர் அதிக மரியாதை கொடுத்திருந்தார். மணலை ஏழு தண்ணீரில் அலசி, கடல்மீனுக்கான உப்புப்பொடி கரைத்து, ஒரு மாதம் வெறும் தண்ணீரைக் காவல் காத்த பிறகே உயிர்களை விட்டாராம். தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணாடியில் ஒரு காகிதக் கோடு ஒட்டியிருந்தார். மேலே மின்விசிறி கடகடத்தது. உள்ளே கோமாளி மீன்கள் இரண்டும் கல்யாணவீட்டுப் பிள்ளைகள்போல ஒன்றையொன்று துரத்தின.

தலாபாத்ரா உப்பு அளக்கும் மிதவையைத் தண்ணீரில் விட்டார். "ஊருக்குப் போறப்ப இருந்த அளவுதானா?"

"மயிரிழை மாறலை. ஊர்லேர்ந்து வந்து நான் ஒரு சொட்டுத் தண்ணிகூடச் சேர்க்கலை."

"எல்லாரையும் கூப்பிடுங்க."

அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்த போல்ட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஷியாமளி புடவை மடித்துக்கொண்டே வாசற்படியில் நின்றாள்.

"ஜேஷ்ட மாசக் கோடை வெயில், தலைக்கு மேல விசிறி," என்று ஆரம்பித்தார் தலாபாத்ரா. " ஒம்பது நாள்ல தண்ணி நாலு விரக்கடை இறங்கியிருக்கணும். ஆனா கோட்டுலயே நிக்குது. யாரோ தினமும் ஊத்தியிருக்காங்க. ஆவியா போறது தண்ணிதான், உப்பு உள்ளயே தங்கிடும். அதனால உப்புத்தண்ணி ஊத்தியிருந்தா மிதவை ஏறியிருக்கும். ஊத்தினது நல்ல தண்ணி. அதுதான் சரியான முறையும். சொல்லு மோண்ட்டு, கொல்ல வந்தவன் ஒம்பது நாள் தாதி வேலையா பார்ப்பான்?"

மோண்ட்டு தொட்டிக் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உள்ளே பார்த்தான்.

"மீன் ரெண்டும் குதிக்குது. இறாலும் நத்தையும் மட்டும் போச்சு. மீன் தாங்குற கொஞ்ச அளவே அதுகளைக் கொல்லும், அப்படி ஒண்ணு செம்பு. இந்த வீட்டுல செம்புப் பாத்திரத்துல கிடக்குற தண்ணி எது?"

ஷியாமளியின் கை புடவையோடு நின்றது.

"கங்காஜலம்," என்றாள். "பூஜை அறைச் சொம்புல இருந்தது. இவர் உசிரா வளர்க்கறாரே, குழாய்த் தண்ணியை எப்படி ஊத்தறதுன்னு... வீட்டுல இருக்கறதுலயே ஒசந்த தண்ணியாச்சேன்னு ஊத்தினேன். சொம்பைப் புளி போட்டு வேற தேய்ச்சேன்."

"தேய்க்கத் தேய்க்கச் செம்பு இன்னும் இறங்கும். அன்பு அதிகமாயிடுச்சும்மா, அவ்வளவுதான். தண்ணியில பாதியை மாத்துங்க, கரி போட்டு வடிகட்டுங்க. நான் சொல்றவரைக்கும் இறால் வாங்காதீங்க."

நிருபம் மச்சான் பக்கம் திரும்பினார். "போல்ட்டு... மன்னிச்சுக்கப்பா," என்றார், கொசு முணுமுணுப்பதுபோல.

"திட்டினப்ப இந்தக் குரலா?" என்றாள் ஷியாமளி. "தெருவே கேட்டுச்சு. இதையும் தெரு கேக்கணும்."

நிருபம் சன்னலை விரியத் திறந்து, தலையை வெளியே நீட்டினார்.

"போல்ட்டு கொலைகாரன் இல்லை! நான்தான் முட்டாள்!"

எதிர் மாடியிலிருந்து பதில் வந்தது: "ரெண்டாவது எங்களுக்கு முன்னாடியே தெரியும், நிருபம் அண்ணா!"

போல்ட்டுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாளைக்கு எங்க வீட்டுல மருமகன் விருந்து, ஜாமாய்பாபு. அம்மா இலிஷ் மீனுக்குச் சொல்லிட்டாங்க. அக்காவோட நீங்களும் அஞ்சு மணி வண்டிக்கே வந்துடுங்க."

ஷியாமளி உள்ளே போய், நிருபத்தின் வேட்டி இரண்டைக் கொண்டுவந்து தன் புடவைகளுக்கு மேல் அடுக்கினாள்.