வேலியை அறுத்துப் போன குழாய்

"நிறுத்துடா பாவி!"

மூடுபனிக்குள்ளிருந்து வந்த பிக்கப் வண்டி, ஃபிலொமினாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது.

துலாரே ஊரின் ஜனவரி மாதத்துப் பனி அப்படித்தான்... கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த வெள்ளைக்குள், ஓடிப்போன தன் மாட்டைத் தேடி நடுரோட்டில் நின்றிருந்தாள் ஃபிலொமினா டோஸ்டே. காலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ், கலைந்த கூந்தல், மூக்கு நுனியில் கோபம்.

நெடுநெடுவென்று ஒருவன் இறங்கினான். "அடி பட்டுச்சாங்க?"

"பட்டிருந்தா இப்படி நின்னு பேசுவேனா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"மெதுவா உருட்டிட்டுதாங்க வந்தேன்... நீங்கதான் நடுரோட்டுல..."

"என் மாடு ரோட்டுல இருக்கு. நான் எங்க இருப்பேன், மெத்தையிலயா?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு இன்னும் எரிந்தது.

பனிக்குள் எங்கோ ஒரு 'ம்மா'. அவள் ஓடப் போனாள். அவன் கை நீட்டித் தடுத்தான். "ஓடாதீங்க, மிரண்டுடும்." மெதுவாக நடந்து மாட்டின் தோளுக்குப் பின்னால் நின்று நாக்கைச் சொடுக்கினான். முரட்டு மாடான பொனிட்டா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் போலத் திரும்பி நடந்தது!

'யார் இவன்... மாடு தெரிந்தவன்...'

"உங்களுக்கும் பண்ணையா?"

"இருந்துச்சு. அப்பா காலத்தோட ஏலம் போயிடுச்சு." குரல் தாழ்ந்தது. "டிர்க் ஹோஃப்ஸ்ட்ரா."

அவள் முதன்முறையாக அவன் கண்களைப் பார்த்தாள். மழைக்கு முந்தைய வானத்தின் நிறம்... சட்டென்று பார்வையை இறக்கினாள். அங்கேதான், அவன் சட்டைப் பையின் மேல், ஊரில் குழாய் பதிக்கும் அந்த கேஸ் கம்பெனியின் முத்திரை!

"நீ அந்தக் கம்பெனியா?!"

"ஆமா... பக்கத்துப் பெரிய பண்ணையில சாணக் குட்டையை மூடி கேஸ் எடுக்குறோமே, அந்தப் பிளான்ட்டை நான்தான்..."

"என் வேலியை அறுத்தது உங்க ஆளுங்கதான்டா! குழாய்க்குப் பள்ளம் தோண்டிட்டு, அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. போன் பண்ணா எடுக்க ஒரு நாதி இல்ல!"

மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் கம்பியும் கம்பமுமாக அவனே வந்து நின்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டு காவல் இருந்தாள்.

"மேஸ்திரி மாதிரி நிக்கிறீங்களே... ஒரு காப்பி கிடைக்காதா?"

"முதல்ல வேலியைக் கட்டு. அப்புறம் யோசிக்கிறேன்."

காப்பி வந்தது. வேலி முடிந்த பிறகும் அவன் வந்தான். கதவு கோணல் என்பான், கம்பம் ஆடுகிறது என்பான். ஆடாத கம்பத்தை அவன் ஆட்டிப் பார்ப்பதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

ஒருநாள் அவளே மனம் திறந்தாள். "எங்க சாணக் குட்டையையும் உங்க கம்பெனி மூடட்டும்னு அப்பாகிட்ட நான்தான் சண்டை போட்டேன். திறந்து கிடந்தா அதுலேருந்து வர்ற வாயு வானத்துக்குப் போய் பூமியைச் சுடுது. மூடிப் பிடிச்சா அதே வாயுவுல பஸ் ஓடும், லாரி ஓடும். அது பேச்சு இல்ல டிர்க், நான் நிஜமாவே நம்புறேன். 'எங்க நிலத்து வழியா குழாய் போகட்டும், எங்க பண்ணையையும் சேர்த்துக்கோங்க'ன்னு கேட்டோம். உங்க கம்பெனிப் பெரியவர் பிரெண்டன் சரின்னார். அதை நம்பித்தான் அப்பா தோண்ட விட்டார்."

அன்று மாலையே டிர்க் பிரெண்டனிடம் கேட்டான்.

"அந்தச் சின்னப் பண்ணையையா? குழாய் அனுமதியில அவர் கையெழுத்து விழட்டும், மறந்துடலாம்." பிரெண்டன் அவன் தோளைத் தட்டினார். "உனக்கு வேலை வேணும்ல? வாயை மூடிக்கோ."

அதன்பின் டிர்க் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்... 'கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்!' ஃபிலொமினா பால் கேன்களை நங்கென்று வைத்தாள். கண் கலங்கியதற்கும் அவன் மேல்தான் கோபம்.

போர்த்துகீசியர் மண்டபத்தில் கம்பெனி விருந்து. சோப்பாஸ் என்னும் மாட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கும் வாசனை, ஊர் முழுக்கக் கூட்டம். மேடையில், நிலத்தில் குழாய் போக நிரந்தர அனுமதிக்குக் கையெழுத்துப் போட ஃபிலொமினாவின் அப்பா ஜானுவாரியோ டோஸ்டே பேனாவைத் திறந்தார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. கீழே மகள் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போடாதீங்க!"

கூட்டம் திரும்பியது. சுவரோரம் நின்றிருந்த டிர்க் முன்னால் வந்தான். "உங்க பண்ணையைச் சேர்க்க மாட்டாங்க. போன வாரம் பிரெண்டன் என்கிட்டயே சொன்னார். கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் அவங்களைக் கட்டாயப்படுத்த உங்களுக்குப் பிடி இல்ல."

பிரெண்டனின் முகம் வெளுத்தது. "நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"இன்னைக்கே போறேன்."

அவன் வெளியேறினான். ஜானுவாரியோ பேனாவை மூடினார். ஊர் நடுவே ஏமாளியாக நின்ற கோபத்தில் பிரெண்டன் பக்கம் திரும்பினார். 

"என் நிலத்துல உன் குழாய் புதைஞ்சு கிடக்கு, பிரெண்டன். என் மாட்டுச் சாணத்து வாயுவும் அதுல போகணும். என்னைப் போலச் சின்னப் பண்ணைக்காரங்க இங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க. நாலு பேருக்கும் சேர்த்து மூடின குட்டை ஒண்ணு கட்டணும். எழுதிக் கொடு. இல்லன்னா வந்து தோண்டி எடுத்துட்டுப் போ."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. பிரெண்டன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "எழுதிடலாம்..." என்றார்.

ஃபிலொமினா அதைக் கேட்க நிற்கவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. வண்டிக் கதவைத் திறந்த டிர்க்கின் கையைத் தட்டிவிட்டாள்.

"உனக்கு ஒரு வாரமாத் தெரியும்! ஏன்டா சொல்லல?"

"பயந்தேன்." அவன் மறைக்கவில்லை. "பண்ணை போனப்புறம் எனக்குன்னு இருந்தது இந்த வேலை ஒண்ணுதான்..."

"அப்ப இன்னைக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு வீரம்?"

"உங்க அப்பா பேனாவைத் திறந்தார்... நீ அவரையே பார்த்துட்டிருந்த. அந்த முகம் நாளைக்கு என்ன ஆகும்னு நினைச்சேன். வேலையைவிட அதுதான் பெரிசாப் பட்டுச்சு." நனைந்த தலையைக் குனிந்துகொண்டான். "உன்னைப் பிடிச்சுப் போச்சு, ஃபிலொமினா. அதுக்காக நீ மன்னிக்க வேண்டாம்."

"மன்னிக்கல! இன்னும் ஒரு மாசம் திட்டுவேன்!" அவள் இமைகளில் மழைத்துளிகள் ஒட்டி நின்றன. "அந்தப் புதுக் குட்டையை நடத்த ஆள் வேணும். நீதான் நடத்துற. பக்கத்துல இருந்தாத்தானே திட்ட முடியும்..."

"அவ்வளவுதானா...?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். 

"இல்லடா மடையா... நீ வராத அந்த ஒரு வாரம் நான் சரியாச் சாப்பிடல. அதுலதான் இவ்வளவு கோபம். எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு... போதுமா?"