இருபத்திரண்டு மூச்சு

மூச்சுக்கு விலை போட்ட ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். இரண்டு வரிகளுக்கு நடுவே பாடகர் இழுக்கும் மூச்சைப் பதிவிலிருந்து வெட்டி எறிய, ஒன்றுக்கு ஒரு டீக்காசு. அதனால்தான் அந்த ஒலிப்பதிவு இன்ஜினியருக்குக் 'கத்திரி' என்று பெயர்.

அன்று மதியம் படியேறி வந்த பெண் பேரம் பேசவில்லை. போன மாதம் இறந்துபோன பாடகியின் அக்கா.

"தம்பி, தங்கச்சி கடைசியா இங்க பாடின பாட்டை வீட்ல போட்டா, அம்மா எழுந்து போயிடுறாங்க. அது அவ இல்லையாம்."

"குரல் அவங்களோடதுதானேக்கா?"

"குரல் இருக்கு, மூச்சு எங்க? அவளுக்குச் சின்ன வயசுலயே இழுப்பு. மூச்சு எடுத்தா விசில் மாதிரி கேக்கும். அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அந்தச் சத்தத்தை வச்சுதான் அவ எந்த ரூம்ல இருக்கான்னு கண்டுபிடிப்பாங்க. அதைத் திருப்பிக் குடுங்க, போதும்."

கத்திரி நகல் எடுக்காமல் அசலிலேயே வெட்டியிருந்தார். பில்லில் இருபத்திரண்டு மூச்சு. எல்லாவற்றையும் அன்றே அழித்தாயிற்று. வெளியே தெரிந்தால் தொழில் நாறிவிடும்.

"பத்திரமா இருக்குக்கா. உட்காருங்க, டீ சொல்றேன்," என்றார், வாய் கூசாமல்.

சரக்கு இல்லாவிட்டால் என்ன, போலி இருக்கிறதே. பாட்டை ஓடவிட்டு, பாடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் பஞ்சு, எந்தச் சத்தத்தையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். அவள் பாடிய அதே மைக். ஹெட்போனில் அவள் பாடப்பாட, வெட்டிய இடங்களில் இவர் தொண்டையைக் குறுக்கி ஓர் இழுப்பு இழுத்தார். நான்கு முடிந்தது. எங்கிருந்தோ மருந்து நெடி அடித்தது.

ஐந்தாவது இடத்தில் கொஞ்சம் பிந்திவிட்டார்.

மூச்சு வந்துவிட்டது.

மெல்லிய விசிலோடு.

ஹெட்போனைக் கழற்றினார். அப்போதும் கேட்டது. மைக்குக்கு முன்னால் கட்டியிருந்த மெல்லிய துணி, யாரோ வாயால் உறிஞ்சுவதுபோல் அவர் பக்கம் உப்பியது.

அவரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

துணி தணிந்தது. மறுபடி உப்பியது. கால் நகர மறுத்தது. அடக்குவதும் திணறி விடுவதுமாகக் கடைசி வரி வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றார். கடைசி இடைவெளி வந்தபோது, வாய் பிளந்து காற்றை இழுத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார்.

"என்ன தம்பி, வேர்த்துக் கொட்டுது?"

கத்திரி பதிவைப் போட்டார். முதல் நான்கு இடங்களில்கூட அவருடைய இழுப்பு இல்லை. எல்லாம் அவளுடையது.

அக்கா அழுதுகொண்டே போனை எடுத்து, ஒலிப்பெருக்கி அருகே பிடித்தார். மறுமுனையில் அம்மாவின் குரல் குழைந்தது. "வந்துட்டியாடி கண்ணு?"

பாட்டு முடிந்தது.

"கடைசி மூச்சை மட்டும் காணோமே தம்பி," என்றார் அக்கா.

"இங்கதானே இருக்கா," என்றது போன். "கேக்குதே."

"அம்மா, பாட்டை நிறுத்தியாச்சும்மா."

"அப்ப உன் பக்கத்துல யாரு மூச்சு விடுறது?"

கத்திரி மூச்சை அடக்கினார்.

"நிறுத்திட்டா," என்றார் அம்மா.

வெட்டியது இருபத்திரண்டு. திரும்பியது இருபத்தொன்று. பாக்கி ஒன்று, அவர் நெஞ்சுக்குள் மெல்ல விசிலடித்தது.