ஊத்துப்பள்ளத்துத் தைலக் கன்றுகள்

பங்குனி வெயிலில் கீழே பண்ணைப்புரத்துத் தோட்டங்கள் வதங்கிக் கிடந்தபோது, மலைமேல் ஊத்துப்பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வெட்டிய தைல மரங்களின் அடிக்கட்டைகளைச் சுற்றி வட்டம் வட்டமாக நனைந்திருந்தது மண். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. வனக்காப்பாளர் சகாயராணி குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த உயரத்தில், அந்த நிழலில், பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் விரலை விறைக்க வைக்க வேண்டும். இது உடம்புச் சூட்டில் இருந்தது. அவள் விரலைக் காக்கிப் பேண்ட்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

மற்ற எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஒரு காலத்தில் அரசாங்கமே புல்வெளியை அழித்து நட்ட மரங்கள் அவை. நட்ட சில வருஷத்திலேயே ஊற்றைக் குடித்துத் தீர்த்துவிட்டன. பள்ளத்துக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. இப்போது காப்புக்காட்டில் அயல் மரம் எதுவும் இருக்கக்கூடாது, இந்த மண்ணின் மரங்களைத்தான் நடவேண்டும், மீறி நட்டால் குற்றம் என்று உத்தரவு வந்திருந்தது. வனவர் விஜயபாண்டி கூடவே நின்று ஒரு மரம் விடாமல் வெட்டவைத்தார். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். எல்லைக்குள் சவுக்கு நட்ட எஸ்டேட்காரர் ஆள்மேல் ஆள் விட்டுப் பேசியும் கேஸைக் கைவிடாதவர். அந்த ஆளிடம் வேலை பார்ப்பதில் சகாயராணிக்கு ஒரு பெருமை உண்டு.

ரேஞ்சர் வந்து பார்த்து, "ஊத்து திரும்பிருச்சேய்யா!" என்று பூரித்துப்போய்ப் போட்டோ எடுத்தார். விஜயபாண்டி அதில் வந்து நிற்கவில்லை. பள்ளத்து மேட்டிலேயே நின்றுகொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ரோந்து முடித்துப் பள்ளத்து வழியாகக் கோட்டர்ஸுக்குத் திரும்புகையில், சகாயராணியின் நடை தானாக வேகமெடுத்தது. மேட்டில் கத்திக்கொண்டிருக்கும் சில்வண்டுகள் பள்ளத்துக்குள் காலை வைத்ததும் யாரோ அதட்டியதுபோல ஓய்ந்துவிடும். வெட்டிய மரத்தின் மருந்து வாசனை போய், அந்த இடத்தில் வேறொரு வாடை வந்திருந்தது; தூங்கி எழுந்த வாயின் வாடை. சேற்றுக்குள்ளிருந்து எப்போதாவது ஒரு குமிழி உடைந்தது. குமிழிதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அது மேலே வந்து உடைகிற சத்தமாக இல்லை. உள்ளே இறங்குகிற சத்தமாக இருந்தது.

மடக்.

ஒருநாள் வேட்டைத் தடுப்புக் காவலர் முத்துவீரன் வழிமறித்து நின்றான். தைரியமான ஆள், யானையைப் பார்த்தே ஓடாதவன்.

"மேடம், நம்ம வனவர் சார் காலையில இருந்து பள்ளத்துலதான் இருக்காக. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாக. நான் உள்ள போகலை. எனக்கு அங்கன நிக்கப் பிடிக்கலை."

மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அவனை மேட்டிலேயே நிறுத்திவிட்டுச் சகாயராணி மட்டும் இறங்கினாள். அந்தப் பனிமூட்டத்துக்குள் முதலில் தெரிந்தவை கன்றுகள். முழங்கால் உயரம். நீலம் பாரித்த வட்ட இலைகள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தைலக் கன்றுகள். வரிசை பிசகாமல் பள்ளம் முழுக்க நட்டிருந்தது. கடைசி வரிசையில் விஜயபாண்டி முட்டி போட்டு, வெறுங்கையால் குழி பறித்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சேறு.

"சார், என்ன செய்றீக?"

"நட்டுக்கிட்டிருக்கேன்."

"இது தைலக் கன்னு சார்."

"எத்தனை பேரு மேல கேஸ் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?" நோயாளி படுத்திருக்கும் அறையில் பேசுவதுபோல அடங்கிய குரல். "இந்தத் தண்ணியைக் குடிக்கிறதுக்கு ஏதாச்சும் வேணும்மா இங்க. மரம் இருந்த மட்டும் அது குடிச்சிச்சு. நான்தான நின்னு வெட்டுனேன்? இப்ப என்கிட்டதான் கேக்குது."

"என்ன கேக்குது?"

"கேக்குது." அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடுகள் வெடித்திருந்தன. "உனக்குக் கேக்கலை?"

சத்தம் கேட்கிறது என்கிறாரா, ஏதோ ஒன்று தன்னைக் கேட்கிறது என்கிறாரா, அவளுக்குப் பிடிபடவில்லை. அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளத் துணிவும் வரவில்லை.

ரேஞ்சர் கண்ணில் இது பட்டால் மனுஷனுக்கு வேலை போய்விடும். இத்தனை வருஷத்துப் பேரும் போய்விடும். கேஸ் எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். முத்துவீரனைக் கூவி அழைத்து, பள்ளத்து விளிம்பில் வைத்து அவரை ஒப்படைத்துக் கோட்டர்ஸுக்கு அனுப்பினாள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. போகும்போது, "புடுங்கிராத சகாயம்" என்று மட்டும் சொன்னார்.

அவள் பிடுங்கினாள். அவரைக் காப்பாற்ற வேறு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு கன்றும் வருகையில் சேறு சப்புக்கொட்டியது; ஒவ்வொரு குழியும் வெதுவெதுப்பான தண்ணீரால் நிரம்பியது. கடைசிக் கன்று வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது. மாதாவே என்று அலறிக்கொண்டு அவள் மல்லாந்து விழுந்தபோது, கையில் தண்டு மட்டும் இருந்தது. வேரைக் காணோம். கடித்துத் துண்டாக்கியதுபோல நுனி பிசிறு பிசிறாக இருந்தது.

கோட்டர்ஸுக்கு வந்து பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தாள். தாகம் அடங்கவில்லை.

மறுநாள் பிற்பகல், அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் இருந்தபோது முத்துவீரனிடமிருந்து போன் வந்தது.

"மேடம், சாரை ரூம்ல காணோம். கட்டில் பூரா ஈரம். வாசல்ல இருந்து சேத்துத் தடம் போகுது."

"எந்தப் பக்கம்?"

"போகுதுன்னு சொன்னேன்ல... போகுறது மட்டும் இல்ல மேடம். பள்ளத்துல இருந்து வந்ததும் இருக்கு. அது செருப்புத் தடம் மாதிரியும் இல்ல, காலு மாதிரியும் இல்ல." அவன் குரல் உடைந்தது. "நான் கீழ வந்துர்றேன். நீங்களும் போகாதீக."

அவள் போனாள். பிடுங்கியது அவள்தானே.

பள்ளத்துக்குள் மஞ்சு அசையாமல் நின்றிருந்தது. முதலில் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. நேற்றுக் குழிகளில் தேங்கியிருந்த தண்ணீரைக் காணோம். சேறு இறுகி, மேலே வெடிப்புக்கூட விட்டிருந்தது.

"சார்!"

பிறகு, கிட்டத்திலிருந்து, அந்தச் சத்தம்.

மடக். மடக்.

கன்றுகளைப் பிடுங்கிய குழிகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. யாரோ எல்லாவற்றையும் அகலமாக்கியிருந்தார்கள். ஆழமாக்கியிருந்தார்கள். ஓர் ஆள் இறங்கி நிற்கிற ஆழம்.

முதல் குழி மட்டும் மூடியிருந்தது.

அதில் விஜயபாண்டி நின்றிருந்தார். மார்புவரை மண். நேராக நட்டிருந்தது. சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கி, அழகாகப் பாத்தி கட்டியிருந்தது. வாய் மூடியிருந்தது. தொண்டைதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மடக்.

சகாயராணி விழுந்தடித்துப் போய் மண்ணைப் பறித்தாள். நகம் பிய்ந்தது. அவர் கை தட்டுப்பட்டது. பிடித்தாள். முழங்கை. மணிக்கட்டு. விரல். விரல் முடியவில்லை. தடவிக்கொண்டே போனாள். அது நீண்டது. கிளைத்தது. கிளைத்த ஒவ்வொன்றும் மறுபடி கிளைத்து, மயிரிழையாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாம் துடித்தது.

அவர் கண் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது. அதில் வலி இல்லை. ஒருநாளும் தீராத வேலையில் இருப்பவரின் பார்வை. அந்தக் கண் அவள் முகத்தை விட்டு நகர்ந்து, அவளுக்குப் பின்னால், கீழே போய் நின்றது.

அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியொரு தாகம்.

திரும்பினாள்.

அடுத்த குழிக்குள் அவளுடைய வலது கால் தொடைவரை இறங்கியிருந்தது. அதைச் சுற்றி மண்ணைப் பதமாக அணைத்துக்கொண்டிருந்தது ஒரு கை.