எண்ணெய் ஏறாத முதுகு

முதுகில் எண்ணெய் ஏறவே இல்லை. பச்சியப்பன் மறுபடியும் உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தார். எண்ணெய் தோலில் நிற்காமல் வழுக்கிப் பாறையில் வடிந்தது. அதன் பின்னாலேயே தண்ணீரும் வடிந்தது.

"ஒருக்கா துணியில தொடச்சிருக்கலாம்ங்க," என்றார். குப்புறப் படுத்திருந்தவனிடம்.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடிப்போய், பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டிருந்தார்கள். மீன் வறுக்கும் கடைகளில் அடுப்பு எரியவில்லை. பாசி வாடையும், அருவியின் ஓயாத இரைச்சலும், பொழுது சாயும் நேரத்து மங்கல் வெளிச்சமும்தான் மிச்சம். வீட்டுக்குப் போக மனமில்லாமல் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது, பாறையில் இவன் படுத்திருந்தான். எப்படி வந்தான், யார் விட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

வீட்டில் மனைவி சாலம்மாள் இன்றைக்கும் மகனுக்குச் சோறு எடுத்து வைத்திருப்பாள். அருள்குமார் தருமபுரியில் எம்.ஏ. வரலாறு படித்தான். ராஜாக்களையெல்லாம் விட்டுவிட்டு, இந்த ஆற்றுக்கு ஜனங்கள் பொழுதுபோக்க வரத் தொடங்கிய கதையைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தான். "எண்ணெய் தேய்க்கறவங்களப் பத்தி யாருமே எழுதலப்பா. நீதான் மொத அத்தியாயம்," என்று அவன் சொன்ன அன்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பரிசல் துறையைப் படம் எடுக்கப் போன பிள்ளை ஆற்றோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை.

"உடம்பக் கண்ணுல காட்டு, அப்பறம் நம்பறேன்," என்கிறாள் சாலம்மாள். இவரும் தினமும் ஆற்றைப் பார்த்து அதையேதான் கேட்கிறார். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு தாயே.

கட்டைவிரல் இடது தோளுக்கு ஏறியது. அங்கே ஒரு பள்ளம். சின்ன வயதில் சாத்தி வைத்த பரிசல் சரிந்து விழுந்து, மூங்கில் விளிம்பு கிழித்த தழும்பு. தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் வைக்கும்போது இவர் விரல் நின்று போகும் இடம்.

விரல் நின்றது.

தோல் சில்லென்றிருந்தது. அழுத்திய இடம் குழிந்தது. குழிந்தபடியே கிடந்தது.

மறுபடி எண்ணெய் ஊற்றினார். தேய்த்தார். ஊற்றினார்.

முதுகு முடிந்தால் "திரும்பிப் படுங்க" என்று சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தை. இன்று வாய் வரவில்லை. ஆற்று மீன் முதலில் எதைத் தின்னும் என்று அவருக்குத் தெரியும்.

எண்ணெய் தீர்ந்தது. இருட்டிவிட்டது.

"முதுகு முடிஞ்சிருச்சில்ல," என்றது தண்ணீர் நிறைந்த குரல். "திரும்பட்டுமாப்பா?"

பச்சியப்பன் இரண்டு கையாலும் மகனைப் பாறையோடு அழுத்திப் பிடித்தார்.

கைக்கடியில், தோள் மெல்ல எழும்பியது.