காந்தம் இழுக்காத பலகை

"இந்தக் கதவு எந்த வீட்டுது சார்?"

கலைமதி கேட்டேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆத்மநாதன் சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், எந்த வீட்டை இடித்த மரம் என்று மட்டும் கேட்காதே. இடித்த வீடுகளின் கதவும் உத்தரமும் திருக்கோகர்ணத்திலிருக்கும் அவர் பட்டறைக்கு லாரியில் வரும். மேஜையாகவும் பீரோவாகவும் சென்னைக்குப் போகும்.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பிசிக்ஸ் படிச்ச பிள்ளையாச்சேன்னு காந்தம் புடிக்கிற வேலை குடுத்தேன். அதப் பாரு."

அதைத்தான் பார்த்தாள். பலகை மெஷினுக்குப் போகுமுன் அங்குலம் அங்குலமாகக் காந்தத்தை ஓட்ட வேண்டும். இழுக்கிற இடத்தில் ஆணி இருக்கும், சாக்பீஸால் வட்டம் போட வேண்டும், விட்டுப்போனால் கத்தி தெறிக்கும். இந்தக் கதவின் மூன்று பலகைகளிலும் காந்தம் எங்குமே இழுக்கவில்லை. ஆனாலும் கத்தி இரண்டு முறை தெறித்தது.

கதவின் உட்புறம் முழுக்கக் கீறல்கள். மரம் இழைக்கும் சூசைராஜ் மாலையில் வழவழப்பாக்கிவிட்டுப் போவார். காலையில் வந்தால் அதே கீறல், அதே இடத்தில். நெஞ்சு உயரத்தில் ஆழமாகத் தொடங்கி, இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு இறங்கி, அடிவிளிம்பில் மயிரிழையாய் முடியும். முதல் நாள் "எலி" என்றார். மூன்றாம் நாள் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு பலகைகளைப் பீரோவின் கதவுகளாக்கி, வெளிப்பக்கம் அந்தக் கதவின் பழைய கொண்டியையே பொருத்தி, வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டு, இன்று வரவில்லை.

மூன்றாவது பலகை அவள் மடியில் கிடந்தது. சற்றுமுன் அதன் வெடிப்பில் ஊசியை விட்டுக் கிளறியபோது ஒன்று வந்து விழுந்தது. ஆணி இல்லை. நகம். கட்டைவிரல் நகம், நடுவில் நீளமாகப் பிளவு.

அந்தப் பிளவு அவளுக்குத் தெரியும். ஆறு வயதில் கோபத்தில் அவள் அறைந்து சாத்திய கதவில் அக்கா செவந்தியின் விரல் நசுங்கியது. அதற்குப் பிறகு அந்த நகம் பிளந்துதான் வளர்ந்தது. திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனாள் செவந்தி. அவள் சம்பளத்தில்தான் கலைமதி காலேஜ் வாசலை மிதித்தாள். ஏழு வருடத்துக்கு முன் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது, டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று. அம்மா நம்பினாள். ஊரும் நம்பியது. கலைமதியும்தான்.

நகத்தை மேஜைமேல் வைத்தாள். "எந்த வீடு?"

ஆத்மநாதன் அதைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். "ஒங்க அக்கா வேலை பாத்த வீடுதான். சாமான் ரூம் கதவு. அதுக்குத்தானேம்மா கேக்காதன்னேன்."

"தெரிஞ்சுக்கிட்டே என் கையில காந்தத்தக் குடுத்தீங்க."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? போனவ போயிட்டா. அவங்க பெரிய எடம், அங்கேயே புது வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க. நீ ஒரு டிகிரிய வச்சுக்கிட்டு..."

கரண்ட் போனது. மெஷின் ஓய்ந்து, மின்விசிறி மெல்லச் சுற்றி நின்று, பட்டறை முழுக்க வார்னிஷும் மரத்தூளும் நாறும் சாயங்கால வெக்கை இறங்கி, கூரைத் தகரத்தில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்து ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் மட்டும் ஓயவில்லை.

சர்ரக்.

"எலி," என்றார் ஆத்மநாதன்.

சர்ரக். பீரோவுக்குள்ளிருந்து. தேங்காய் திருகுவது போல, நிதானமாக.

பீரோவின் அடியிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. உள்ளே கீறக் கீற, வெளியே காயாத வார்னிஷில் ஒரு கோடு விழுந்தது. கீழ்விளிம்பில். பக்கத்தில் இன்னொன்று. ஐந்து.

கோடுகள் இறங்கவில்லை. ஏறின.

முழங்கால் உயரம். நின்றன. மூச்சு வாங்குகிற நேரம்.

இடுப்பு.

படுத்திருந்தவள் எழுந்திருக்கிறாள்.

நெஞ்சு. கொண்டி ஆடியது.

"அம்மாடி, அங்கிட்டுப் போவாத. தொறந்துறாதம்மா."

ஏழு வருடமாக அவளுக்காக அந்தக் கொண்டியை யாரும் திறக்கவில்லை. கலைமதி நகத்தைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகினாள். பலகையைத் தோளில் ஏற்றினாள். பீரோவின் முன்னால் போய் நின்றாள். கொண்டி சில்லென்றிருந்தது. இழுத்தாள்.

"அக்கா, வா. திருமயம் பஸ் வர்ற நேரம்."

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கீல் முனகியது. நாற்காலி சாய்ந்தது. ஆத்மநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதிச் சொல்லோடு நின்றது.

வெளியே ரோட்டில் வெயில் சாய்ந்திருந்தது. பலகை சுமந்த அவள் நிழல் தார்மேல் நீண்டு முன்னால் போனது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் உயரமாக. ஒரு கையை நெஞ்சு உயரத்தில் தூக்கி, விரல்களை வளைத்துப் பிடித்தபடி.