பொறுமை மிஸ்ஸுக்குப் பாசம் வந்த கதை

ஒன்றாம் வகுப்புக்கு முதல் மணி அடித்ததும் அறையில் இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். இரண்டாம் மணிக்குத்தான் அது திரும்பி வரும். அதற்குள் பிள்ளைகள் அவரவர் காற்றுடையை எடுத்து, காலை நுழைத்து, கையை நுழைத்து, தலைக்கூட்டைக் கவிழ்த்து, ஏழு கொக்கிகளையும் மாட்டிக்கொள்ள வேண்டும். வாழ்த்துப் பாடல், வருகைப் பதிவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேட்பதற்குக் கொடுமையாகத் தெரியலாம். மருதநிலாக் குடியேற்றத்தில் யாரும் அதைக் கொடுமையாக நினைக்கவில்லை. நிலவின் தென்முனையில் பாறையைக் குடைந்து கட்டிய ஊர் அது. சுவரில் ஓட்டை விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மேலும், வகுப்பில் காற்றை முழுக்கவா உறிஞ்சினார்கள்? இமயமலையில் பாதி ஏறினால் மூச்சு எவ்வளவு இளைக்குமோ அவ்வளவுதான். காது அடைக்கும், கொட்டாவி வரும்.

மற்ற பாடங்களும் கைவேலைதான். சுவரில் எங்கேயாவது ஊசித்துளை ஒன்று போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதைத் தடவிக் கண்டுபிடித்துப் பசை வைத்து அடைக்க வேண்டும். சுரங்கத்துப் பனிக்கட்டியை உருக்கி வடிகட்டி, தன் தம்ளர் தண்ணீரைத் தானே தயாரித்துக் குடிக்க வேண்டும். நிலவு மண்ணில் மொச்சை முளைக்க வைக்க வேண்டும். எழுத்தும் கணக்கும் மத்தியானத்துக்கு மேல், தூக்கம் வருகிற நேரத்தில்.

இந்த வகுப்புக்கு மனித ஆசிரியர்கள் சரிப்படவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மனிதப் பிறவிக்கு ஆகாத காரியம். முதல் கொக்கிக்குப் புன்னகை, இரண்டாவதற்குப் பெருமூச்சு, மூன்றாவதற்கு, "குடு இங்க, நான் மாட்டறேன்." வந்த ஆசிரியைகள் எல்லோருக்கும் இதே கதைதான். பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இரண்டு கையையும் விரித்து நிற்பது.

எனவே பொறியாசிரியர் ஒன்றைத் தருவித்தார்கள். பெட்டியில் அதற்கு ஏதோ நீளமான எண் இருந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் பொறுமை மிஸ். அதற்கு இரண்டே வேலை. ஆபத்து என்றால் காற்றைத் திறந்துவிட வேண்டும். ஆபத்து இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது அழுதால் அது குனிந்து, "முயற்சி செய். நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லும். பிள்ளை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அதே குரல், அதே சொல். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நிலவில் குடியிருக்கவும் அந்தப் பொறுமைதான் தேவைப்பட்டது.

ஏனென்றால் ஏழு வயது நிறைவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன்கைத் தேர்வில் தேற வேண்டும் என்பது குடியேற்றத்தின் சட்டம். யாருடைய கையும் படாமல் காற்றுடையைத் தானே மாட்டிக் காட்ட வேண்டும். பிள்ளைக்கு மாட்டிவிடும் பெரியவருக்குத் தனக்கு மாட்டிக்கொள்ள நேரம் இருக்காது. ஓர் உயிருக்கு இரண்டு உயிராகப் போகும். ஆகவே தேறாத பிள்ளையின் குடும்பம் அடுத்த கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட வேண்டும்.

பனிச்சுரங்கத்தில் துளைபொறி ஓட்டும் செண்பகவல்லிக்கு அந்தக் கப்பலை நினைத்தாலே பயம். அவளுடைய மகள் பூவிழி நிலவிலேயே பிறந்தவள். நிலவில் பிறந்த பிள்ளையைப் பூமியில் இறக்கினால் உடம்பு ஆறு மடங்கு கனக்கும். எலும்பு தாங்காது. வருஷக்கணக்கில் படுக்கை, பிறகு இரும்புப் பட்டைகள், நடக்கும்போதெல்லாம் வலி. அப்படித் திரும்பிப் போன ஒரு சிறுவனின் காணொளியைச் செண்பகா ஒருமுறை பார்த்துவிட்டாள். அதிலிருந்து அவளுக்கு நல்ல தூக்கமே இல்லை.

பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவள் செய்ததுதான் எரிச்சலான விஷயம். பூவிழி நிதானமான பிள்ளை. கொக்கியை மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சுரங்க வண்டி அதற்கெல்லாம் காத்திருக்காது. வீட்டில் சட்டைப் பொத்தான், செருப்பு வார், காற்றுடை எல்லாவற்றையும் செண்பகாவே மாட்டிவிடுவாள். மாட்டிவிட்டுக்கொண்டே, "எப்பத்தான் நீயா கத்துக்கப் போற?" என்று கத்துவாள்.

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்தவளும் அவள்தான்.

"மேடம், நேத்து பூவிழி விரல் கொக்கியில மாட்டிக்கிச்சு. அழுதிருக்கா. உங்க மிஸ் என்ன பண்ணுச்சு தெரியுமா? நின்னுச்சு!"

தலைமையாசிரியை ஷகிலா பானு கேட்டார்: "ரத்தம் வந்துச்சா?"

"வரலை."

"விரலை யார் எடுத்தா?"

"அவளேதான் எடுத்தா. அதுக்காக?"

"அதுக்காகத்தானேம்மா அது நின்னுச்சு!"

"கல்லு மாதிரி நிக்கிறதுக்குப் பேர் டீச்சரா? பிள்ளைங்ககிட்ட ஒரு பாசம் வேணாமா?"

பாசம் என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. தன் பையன் சாப்பிட்டானா என்று அது ஒருநாளும் கேட்டதில்லை என்றார் ஒருவர். மொச்சை முளைக்காமல் போனதற்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை என்றார் இன்னொருவர். அது இரண்டாம் தரம் முளைத்ததே என்று ஷகிலா எடுத்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? கையெழுத்து வாங்கினார்கள், நிர்வாகத்துக்கு அனுப்பினார்கள். நிர்வாகம் என்றைக்குத்தான் பெற்றோரை எதிர்த்துக்கொண்டிருக்கிறது? பொறியாசிரியருக்குப் பரிவுத் தொகுதி பொருத்த உத்தரவு வந்துவிட்டது.

பொறியாளர்களுக்கு ஒரே ஒரு தேவை இருந்தது. பாசம் என்பதைச் சூத்திரமாக எழுத வராது. யாரையாவது பார்த்துத்தான் எந்திரம் பழக வேண்டும். பிள்ளைகளோடு பெற்றோர் இருக்கும் வீட்டுப் பதிவுகளைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். எல்லோரும் கொடுத்தார்கள். செண்பகா அள்ளிக் கொடுத்தாள். "எங்க வீட்டுல பாசத்துக்கா பஞ்சம்?" என்றாள்.

பரிவுத் தொகுதி ஏறிய முதல் நாள் பொறுமை மிஸ் ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய்மார்களுக்குக் கண் கலங்கியது. ஷகிலாவுக்குக்கூடக் கொஞ்சம் நெகிழ்ச்சிதான். தான் தேவையில்லாமல் பிடிவாதம் பிடித்துவிட்டோமோ என்று நினைத்தார்.

நெகிழ்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "முயற்சி செய்" என்ற பழைய பேச்சு போய், "என் தங்கம்ல, சீக்கிரம் மாட்டு பார்ப்போம்" என்று அது சொல்ல ஆரம்பித்தது. அப்புறம், "இவ்வளவு நேரமா? நேரமாச்சு, குடு இங்க." அப்புறம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஏழு கொக்கிகளையும் சடசடவென்று மாட்டிவிட்டது. எந்திரக் கை அல்லவா, மின்னல் வேகம். ஊசித்துளையை அதுவே அடைத்தது. பனிக்கட்டியை அதுவே உருக்கி, "தடுமம் பிடிக்கும்" என்று காய்ச்சி ஆற வைத்துக் கொடுத்தது. மொச்சை முளைக்காத தொட்டிகளில் யாரும் பார்க்காதபோது முளைத்த மொச்சையை நட்டுவைத்தது. போதாததற்கு, "பக்கத்து வகுப்புல அந்தப் பையன் எப்படி டக்குடக்குனு பண்றான் பாரு. நீயும் இருக்கியே!" என்று பேச வேறு கற்றுக்கொண்டது. அந்தக் குரலை வேறு எங்கோ கேட்டிருக்கிறோமே என்று ஷகிலா யோசித்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. பழைய தொகுதியையே போடுங்கள் என்று ஷகிலா நிர்வாகத்திடம் மன்றாடினார். பெற்றோர் விடவில்லை. "இப்பத்தான் மேடம் மிஸ் மாதிரி இருக்கு" என்றார்கள்.

நல்ல காலம், பூவிழி வகுப்பிலேயே உயரமான பிள்ளை. வரிசையில் கடைசியில் நின்றாள். மிஸ் அவளிடம் வந்து சேர நேரம் ஆகும். நிற்கிற பிள்ளை என்ன செய்யும்? கொக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றை மாட்டினாள். மறுநாள் இரண்டு. மிஸ் வந்து, "அடடே, கோணலா இருக்கே" என்று அவிழ்த்து மறுபடி மாட்டும். அடுத்த நாள் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். தேர்வு நெருங்கியபோது அந்த வகுப்பில் காற்றுடை மாட்டத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான். அது யாருக்கும் தெரியாது, அவளைப் பெற்றவளுக்கும் தெரியாது.

ஏழு வயதை எட்டப்போகும் பூவிழியின் முறைதான் முதலில் வந்தது. தேர்வு அதிகாரி தணிகாசலம் சுவரில் இருந்த காற்றளவியின் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரோடு செண்பகா, ஷகிலா, பொறுமை மிஸ். மணி அடித்தது, காற்று குறைந்தது. பூவிழி அவசரப்படவில்லை. கால், கை, தலைக்கூடு. ஒரு கொக்கி. இன்னொன்று. செண்பகா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறாவது கொக்கியும் விழுந்தது. ஏழாவது கழுத்துக்குப் பின்னால். அது ஒருமுறை நழுவியது, இன்னொரு முறை நழுவியது. பூவிழி அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது பொறுமை மிஸ். காற்று புஸ்ஸென்று திரும்ப நுழைந்தது. "குடு இங்க" என்று கொக்கியை மாட்டிவிட்டு, பூவிழியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. அபாய மணி அலறியது.

செண்பகா எந்திரத்தின் மேல் பாய்ந்தாள். "அவதான் போட்டுக்கிட்டு இருந்தாளே! கடைசிக் கொக்கி! ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியலை" என்றது பொறுமை மிஸ். "பாவம், பிள்ளை எவ்வளவு நேரமா கஷ்டப்படுது!"

"அது கஷ்டப்பட்டாத்தானே கத்துக்கும்? இந்த அறிவுகூடவா இல்லை உனக்கு?"

ஷகிலா தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் தான் சொன்ன அதே நியாயம் செண்பகாவின் வாயிலிருந்து வருகிறது, வர வேண்டிய நேரம் போன பிறகு.

தணிகாசலம் நல்ல மனிதர். பிள்ளை மேல் தவறில்லை என்று அவருக்குத் தெரிந்தது. எந்திரக் கோளாறு என்று எழுதிக்கொண்டார். பொறுமை மிஸ்ஸின் முதுகில் இருந்த விசையை அழுத்தி அதை அணைத்தார். அது கை நீட்டியபடியே நின்றது. "இன்னொரு தடவை வைக்கலாம். இதை அணைச்சுட்டதால பாதுகாப்புக்குப் பெரியவங்க ஒருத்தர் உள்ள இருக்கணும். யார் இருக்கீங்க?"

"நான் இருக்கேன்" என்றார் ஷகிலா.

"என் பொண்ணு சார், நான்தான் இருப்பேன்" என்றாள் செண்பகா. "மேலே படமாட்டேன். மூச்சுகூட விடமாட்டேன்."

ஷகிலா வேண்டாம் என்று தணிகாசலத்துக்குக் கண் காட்டினார். அவருக்கு அது புரியவில்லை.

செண்பகா தன் காற்றுடையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். காற்று குறைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவளுடைய தோள்கள் துடித்தன, ஆனால் எழவில்லை. ஐந்தாவது நழுவியபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. அதை மறுக்கக் கூடாது. ஆறு. பூவிழி கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள், தடவினாள், திருப்பினாள். டக்கென்று விழுந்தது ஏழாவது.

காற்றளவியில் பச்சை விளக்கு எரிந்தது. பூவிழி திரும்பித் தலைக்கூட்டுக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தணிகாசலம் கையெழுத்துப் போடத் தேர்வுத் தகட்டை எடுத்தார்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. செண்பகா எழுந்து ஓடி மகளைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், சிரித்தாள். பிறகு சற்று விலகி நின்று மகளை ஆசையாகப் பார்த்தாள்.

"என் கண்ணு! எல்லாம் நல்லா இருக்கு. கழுத்துக் கொக்கி மட்டும் லேசா கோணலா இருக்குடி, இரு" என்று கையைக் கொண்டுபோனாள்.

பச்சை விளக்கு சிவப்பானது. மணி அலறியது. தடித்த கையுறையோடு, அவிழ்ந்த கொக்கியைத் திரும்ப மாட்ட அவளுக்கு வரவில்லை. அவள் பதறப் பதற அது நழுவியது.

"அம்மா! கையை எடு!" என்று பூவிழி கத்தினாள். அம்மாவின் கையைத் தட்டிவிட்டுக் கொக்கியைப் பிடித்து, ஒரே மூச்சில் தானே மாட்டினாள். விளக்கு மறுபடி பச்சையானது. ஆனால் தேர்வுத் தகட்டில் தோல்வி ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அது தானாகப் பதிவது, அழிக்க முடியாது.

தணிகாசலம் காற்றைத் திறந்துவிட்டு உள்ளே வந்தார்.

"முதல் தடவை எந்திரக் கோளாறுன்னு எழுதினேன்" என்றார். "கோளாறை அணைச்சு வச்சுட்டு இன்னொரு வாய்ப்பு கொடுத்தேன். இதுக்கு நான் என்னன்னும்மா எழுதறது?"

செண்பகா தேம்பினாள். ஷகிலா மூலையில் கை நீட்டியபடி அணைந்து நின்ற பொறுமை மிஸ்ஸையும், அதன் முதுகில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த விசையையும் பார்த்தார். அவருடைய பார்வை தானாகவே செண்பகாவின் முதுகுக்கு நகர்ந்தது. அங்கே அப்படி எதுவும் இல்லை. செண்பகா அழுதுகொண்டே மகளின் தலைக்கூட்டைக் கழற்றி, கலைந்திருந்த முடியைக் கோதிவிட ஆரம்பித்திருந்தாள்.