மூன்றாவது பெட்டியின் மணி

மணி அடித்தது. பிரவீணனின் கை, அவன் நினைப்பதற்கு முன்பே, பதில் மணியை அடித்துவிட்டது. பாதை காலி, ரயில் வரலாம் என்று அர்த்தம்.

பல வருடம் ஸ்டேஷன் மாஸ்டராகப் பழகிய கை. மணிப்பெட்டியின் கண்ணாடிக்குள் முள் 'ரயில் வருகிறது' என்று திரும்பிய பிறகுதான், எந்தப் பெட்டிக்குப் பதில் கொடுத்தோம் என்று பார்த்தான்.

பதுளைக்கு இந்தப் பக்கம் இருந்த அந்த ஸ்டேஷன் மிகச் சிறியது. ஒரே பிளாட்பாரம், டிக்கெட் ஜன்னல், அதன் பின்னால் இந்த அறை, அதில் அடுத்த ஸ்டேஷன்களோடு மணியால் பேசும் மூன்று பெட்டிகள். முதல் பெட்டி பதுளைப் பக்கத்துக்கு. இரண்டாவது பண்டாரவளைப் பக்கத்துக்கு. மூன்றாவது, சாமான் கொட்டகைக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கிளைப் பாதைக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் மண்சரிவு அங்கே ஒரு ரயிலைக் கொழுந்து பறிக்கும் ஆட்களோடு மூடியது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள். பெட்டியைக் கழற்றவில்லை. அதற்குத்தான் பதில் கொடுத்திருந்தான்.

"எலிங்க மணியடிச்சுப் பெரட்டுக்கு ஆள் கூப்புடுது போலங்க" என்று சிரித்தபடி வந்த பாயிண்ட்ஸ்மேன் பொன்னையா, முள்ளைக் கண்டதும் நின்றார். "ஐயா... பதில் குடுத்துட்டீங்களா?"

பிரவீணன் மாலை ரயிலுக்கான சிக்னல் நெம்புகோலை இழுத்தான். அசையவில்லை. ஒப்புக்கொண்ட ரயில் வந்து சேரும்வரை இன்னொன்றை உள்ளே விட முடியாது. அப்படித்தான் பூட்டு.

தூரத்தில், வெளிச் சிக்னலில் நின்று மாலை ரயில் கூவியது. கைபேசி அடித்தது. அந்த ரயிலில் வரும் மனைவி கேசினி.

"ஏனப்பா மறிச்சு வச்சிருக்கிறியள்? செம்மண் மேட்டுக்குக் கீழ நிக்கிறம். மேல இருந்து கல்லு விழுகுது."

"கொஞ்சம் பொறும்" என்றான். வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

"நான் கொடி காட்டிக் கூட்டியாறேங்க!" பொன்னையா விளக்கோடு ஓடினார். மூடுபனி அவரை மறைத்தது.

நனைந்த மண்வாசனை. கரிப்புகை. கொட்டகைக்குப் பின்னால், புல் மட்டுமே இருந்த இடத்தில், சக்கரங்கள் உருண்டு நின்றன. அதே நேரம் மலைப்பக்கம் நீண்ட அதிர்வு. மாலை ரயிலின் கூவல் பாதியில் அறுந்தது.

முள் திரும்பியது. 'வந்து சேர்ந்தது.'

நெம்புகோல் இளகியது.

பிரவீணன் வாசலுக்குப் போனான். இறங்குகிறவர்களிடம் டிக்கெட் வாங்குவது அவன் வேலை.

வரிசையாக வந்தார்கள். முதுகில் கொழுந்துக் கூடைகள். கண் இருந்த இடத்திலும் செம்மண். நீட்டினார்கள். வாங்கினான். ஈரம். குளிர். அடுத்தது.

கூடைகள் முடிந்தன. பொன்னையா வந்தார், அணைந்த விளக்கோடு. அவரிடம் டிக்கெட் இல்லை.

அவருக்குப் பின்னால், கைபேசியைக் காதில் வைத்தபடி, கேசினி. வாய் நிறைய மண். கைபேசிக்குள் அவன் குரல், திரும்பத் திரும்ப: கொஞ்சம் பொறும். கொஞ்சம் பொறும்.

மற்றக் கையால் டிக்கெட்டை நீட்டினாள்.

அவன் கை நீண்டது.